தூசி வலையைக் கழுவி வைத்த திருடன்

என் அலுவலகப் பலகையில் ‘யோபு டிடெக்டிவ்ஸ்’ என்று பன்மையில் எழுதியிருக்கும். யோபு நான். மீதியிருக்கும் அந்த ‘ஸ்’ தன்னைத்தான் குறிக்கிறது என்பாள் என் உதவியாளர் ஞானசுந்தரி. விருதுநகரில் எண்ணெய் பரோட்டாக் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்துகொண்டு, மாப்பிள்ளை குடிக்கிறாரா என்று கல்யாணத்துக்கு முன்பே விசாரித்துச் சொல்வது எங்கள் தொழில். பெரும்பாலும் நான் உண்மையைக் கண்டுபிடித்துக்கொண்டு போய்ச் சேரும்போது அங்கே பந்தி நடந்துகொண்டிருக்கும். எங்களையும் உட்காரச் சொல்வார்கள்.

அன்று மத்தியானம் ரீனா வந்தபோது நான் மேஜையில் தலைவைத்துச் சிந்தித்துக்கொண்டிருந்தேன். ஞானசுந்தரி மேஜையை இரண்டு தட்டுத் தட்டினாள்.

“அண்ணாச்சி, சிந்திச்சது போதும். எச்சில் வடியுது. ஆள் வந்திருக்காக.”

ரீனா சிவகாசியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டியைப் பாதியில் விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருந்தார். கையில் போனைப் பிடித்திருந்த விதம், அது சுடுவது போல இருந்தது.

“எங்க வீட்டுக்காரர் ஜோபின் கம்ப்யூட்டர் கடை வச்சிருக்காரு சார். காலையில இருந்து ஊர்ல எல்லா குரூப்புலயும் அவரைத் திருடன்னு போட்டிருக்காக.”

போனை நீட்டினார். ‘என் கேமிங் பிசியிலிருந்து ஒரு கிராபிக்ஸ் கார்டைத் திருடிய ஜோபினிடம் யாரும் கம்ப்யூட்டரைக் கொடுக்காதீர்கள்’ என்று தருண்குமார் என்பவன் எழுதியிருந்தான். கீழே ஜோபினின் படம். அதற்கும் கீழே, கம்ப்யூட்டரையே பார்த்திராத பலபேர் கோபமாக எழுதியிருந்தார்கள்.

“ரெண்டு கஸ்டமர் கடைக்கே வந்து கம்ப்யூட்டரைத் தூக்கிட்டுப் போயிட்டாக. கட்டட ஓனர் கடையைக் காலி பண்ணுன்னுட்டாரு. இவரு ஷட்டரைப் பாதி இறக்கிட்டு உள்ளேயே உக்காந்திருக்காரு. சாப்பிட மாட்டேங்காரு சார்.”

“கிராபிக்ஸ் கார்டுன்னா என்னம்மா?” என்றேன், தெரிந்த விஷயத்தைச் சரிபார்ப்பவன் குரலில்.

“விசிட்டிங் கார்டு மாதிரி இருக்கும்னு நினைச்சிருப்பாரு,” என்றாள் ஞானசுந்தரி, ரீனாவிடம். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

*

தருண்குமாரின் வீடு சிவகாசியில் பெரிய வீடு. பட்டாசுக் குடும்பம். அப்பா தீபாவளி ஆர்டர் பிடிக்க வடக்கே போயிருந்தார். ஆலையைக் கவனிப்பது அம்மா கற்பகவல்லி. வீட்டில் பையன் மட்டும்தான் இருந்தான். கல்லூரி முடித்தவன், கண்ணுக்குக் கீழே கருவளையம், கழுத்தில் பெரிய ஹெட்போன்.

மாடி அறையில் அந்தக் கம்ப்யூட்டர் இருந்தது. கண்ணாடிப் பெட்டி. உள்ளே வண்ண விளக்குகள், விசிறிகள். எண்ணிப் பார்த்தேன். என் அலுவலகத்தில் இருப்பதைவிட நான்கு விசிறி அதிகம்.

“ரெண்டு கார்டு போட்டிருந்தேன் சார். மேல் கார்டு கேமை ஓட்டும். கீழ் கார்டு நான் விளையாடுறதை லைவா அனுப்பும். இந்த ஜில்லாவுல ரெண்டு கார்டு வச்சிருக்கிறவன் நான் ஒருத்தன்தான்.” சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது. உடனே தளர்ந்தது. “இன்னைக்கு சாயங்காலம் எங்க டீமுக்குத் தகுதிச் சுற்று. கீழ் கார்டைக் காணோம்.”

“ஜோபின்தான் எடுத்தாருன்னு எப்படித் தெரியும்?”

“ஒரு வாரமா மெஷின் நடுவுலயே அணைஞ்சு போவுது சார். நேத்து அவரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துட்டு, ‘சூடு தாங்கல, ஒரு கார்டைக் கழட்டுங்க, நானே வேற ஆளுக்கு வித்துத் தாரேன்’னாரு. முடியாதுன்னு சத்தம் போட்டு அனுப்பிட்டேன். ராத்திரி மறுபடியும் அணைஞ்சது. வெறுத்துப்போயி கீழ ஏசி ரூம்ல படுத்துட்டேன். காலையில வந்து பார்த்தா கார்டு இல்ல. கதவு உடையல, பூட்டு உடையல. கழட்டத் தெரிஞ்ச ஆள் வேற யாரு?”

“உங்க அம்மாகிட்ட கேட்டீகளா? விடியக்காலையில யாராவது வந்தாகளான்னு?” என்றாள் ஞானசுந்தரி.

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். “அவங்க விடியிறதுக்கு முந்தியே ஆலைக்குப் போயிருவாங்க. உள்ள போனா போனைக் கேட்டுலயே வாங்கி வச்சிருவாங்க. அதுவுமில்லாம நாங்க நேத்திலிருந்து பேசல.”

நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். அதில் ஒரு கீறல் உண்டு. பார்க்கும் பொருளில் எல்லாம் அந்தக் கீறல் தெரியும். இதனால் ஒருமுறை ஒரு நிரபராதியின் கன்னத்தில் தழும்பு இருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

“இந்தப் பெட்டி எப்பவும் இங்கனதான் இருக்குமா?”

“இல்ல சார். அந்த மர அலமாரிக்குள்ள இருக்கும். காலையில இப்படி ஜன்னல் ஓரமா இழுத்து வச்சிருந்துச்சு.”

குனிந்தேன். பெட்டிக்கு அடியில் ஒரு மெல்லிய வலை. விசிறிகள் வெளிக்காற்றை இழுக்கும்போது தூசியைப் பிடித்துக்கொள்ளும் வலை. பெட்டியின் மூலைமுடுக்கெல்லாம் தூசி இருந்தது. வலை மட்டும் கழுவித் துடைத்துப் பளபளவென்றிருந்தது.

“இதை யார் கழுவுனது?”

“அது கழுவுறதா?” என்றான் தருண்குமார்.

பின்பக்கம் போனேன். கார்டு இருந்த இடத்தில் ஓட்டை இருக்கவேண்டும். இல்லை. ஒரு சின்னத் தகட்டை வைத்து மூடி, திருகாணி போட்டு முடுக்கியிருந்தது. உள்ளே தொங்கிய வயர்களைக்கூட ஓரமாகச் சேர்த்துக் கட்டியிருந்தது.

“அந்தத் தகடு முதல்லயே கூட வந்தது சார். மேஜை டப்பால கிடந்துச்சு.”

“திருட வந்தவன் கூட்டிப் பெருக்கிட்டுப் போயிருக்கான்,” என்றாள் ஞானசுந்தரி. “நம்ம ஆபீஸ் பக்கமும் ஒருதடவை வந்துட்டுப் போனா நல்லாருக்கும்.”

எனக்குள் மின்னல் அடித்தது. இப்படி அடிக்கும்போதெல்லாம் எச்சரிக்கையாக இருந்திருக்கவேண்டும். இருக்கவில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன்.

“பெட்டியை ஜன்னலுக்கு நகர்த்தியிருக்கிறான். காற்று வருவதற்காக. வலையைக் கழுவியிருக்கிறான். காற்று நுழைவதற்காக. பின் ஓட்டையை மூடியிருக்கிறான். வெளியேறிய சூடு மறுபடி உள்ளே வராமல் இருப்பதற்காக. ஆக, கார்டை எடுத்தவன் இந்த இயந்திரம் சூடாகக் கூடாது என்று கவலைப்பட்டவன். காற்றோட்டம் தெரிந்தவன். இந்த ஊரில் அப்படி ஒரே ஒரு ஆள்தான் இருக்க முடியும்!”

“ஜோபின்,” என்றான் தருண்குமார். “இதைத்தான் சார் நான் காலையில இருந்து சொல்றேன்.”

அறையில் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் மேலே ஓடிய மின்விசிறி.

“அண்ணாச்சி,” என்றாள் ஞானசுந்தரி மெதுவாக. “ரீனாக்கா நம்மகிட்ட வந்தது வீட்டுக்காரரைக் காப்பாத்த. நீங்க மறந்துட்டீக போல.”

அவமானத்தை மறைக்க நான் மறுபடி குனிந்தேன். அதனால்தான் அதைப் பார்த்தேன். தகட்டை முடுக்கியிருந்த திருகாணி கறுப்பு. அதன் தலைப்பள்ளத்தில் மஞ்சளாக ஒரு கோடு, உரசியதுபோல. இது என் பூதக்கண்ணாடியின் கீறல் அல்ல. அதை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் மின்னியது.

“தங்கம்! திருடன் கையில் தங்க மோதிரம் போட்டிருக்கிறான்!”

“ஒரு சுத்து முடுக்கினதுக்கே தங்கத்தை உதிர்த்துட்டுப் போறவன், எதுக்கு அண்ணாச்சி திருடணும்?”

நான் தருண்குமாரிடம் கேட்டு அந்தத் திருகாணியைக் கழற்றி சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

*

ஜோபினின் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து நுழைந்ததில் என் தலை இடித்தது. உள்ளே ஒரு ஸ்டூலில் ஜோபின். எங்களுக்கு முன்பே வந்துவிட்ட ரீனா, பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலத்துடன் பக்கத்தில் நின்றார். நான் முதலில் பார்த்தது ஜோபினின் விரலை. தங்க மோதிரம்.

“அய்யோ,” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

ஞானசுந்தரி திருகாணியை வாங்கி மோதிரத்தின் பக்கத்தில் பிடித்தாள். மோதிரம் சற்றுச் சிவந்த மஞ்சள். திருகாணியில் இருந்தது வெளுத்த மஞ்சள். நிறம் வேறு. ரீனா விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

“உங்க ஸ்க்ரூ டிரைவரையும் காட்டுங்க,” என்றேன்.

ஜோபின் எடுத்துப் போட்டார். எல்லாம் எஃகு. நுனியில் காந்தம், திருகாணி உள்ளே விழாமல் இருக்க. ஒன்றிலும் மஞ்சள் இல்லை.

“நான் திருடல சார்,” என்றார் தரையைப் பார்த்தபடி. “கழட்டச் சொன்னேன். அது நிஜம். ரெண்டு கார்டும் ஒட்டிக்கிட்டு நிக்கிது. கீழ் கார்டு விடுற சூட்டு மூச்சைத்தான் மேல் கார்டு இழுக்கணும். முன்னாடி காத்து வர வலை போடுங்கன்னேன், லைட்டு தெரியணும்னு கண்ணாடி கேட்டாரு. அதையும் கொண்டுபோயி மர அலமாரிக்குள்ள அடைச்சாரு. பின்னாடி போன சூடு அலமாரில முட்டி முன்னாடியே வருது. தாங்க முடியாதப்ப மெஷின் தானா அணைஞ்சுக்குது. அது கோளாறு இல்ல சார், அதுக்கு இருக்கிற புத்தி.”

“இதையெல்லாம் அந்தப் பையன்கிட்ட சொன்னீகளா?”

“மாட்டுன அன்னைக்கே சொன்னேன். அவரு போனைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. அவுக அம்மா மட்டும்தான் பக்கத்துல உக்காந்து, இது எதுக்கு, அது எதுக்குன்னு கேட்டாக.”

இந்த இடத்தில் ஒரு நல்ல துப்பறிவாளர் துள்ளி எழுந்திருப்பார். நான், “அப்படியானால் அந்த அம்மாவிடம் போய், விடியற்காலையில் மோதிரம் போட்ட யாரையாவது பார்த்தார்களா என்று கேட்போம்,” என்றேன்.

*

ஏழாயிரம்பண்ணைப் பக்கம், கரிசல் காட்டுக்கு நடுவில் ஆலை. ஞானசுந்தரி ஸ்கூட்டரை வெளியே தள்ளி நிறுத்தினாள். கேட்டில் காவலர் ஒரு தட்டை நீட்டினார்.

“போன், சாவி, தீப்பெட்டி, இரும்புச் சாமான் எல்லாத்தையும் போடுங்க.”

போட்டேன். சீப்பையும் போட்டேன். ஞானசுந்தரி சீப்பையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. காவலர் என் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

“இதென்ன, ஆணியா? இதையும் போடுங்க.”

“இது வழக்கின் ஒரே தடயம்!”

“இரும்புதான? தட்டுல போடுங்க.”

போட்டேன். சுவரில் பதித்திருந்த செம்புத் தகட்டைத் தொடச் சொன்னார். உடம்பில் இருக்கும் மின்சாரம் மண்ணுக்கு இறங்குவதற்காம். தொட்டுவிட்டு, கேட்டை ஒட்டிய அலுவலக அறைக்கு முன்னால் காத்து நின்றோம். எதிரே ஒருவர் மரப் பலகை ஒன்றில் கீல் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்த திருப்புளி வெயிலில் மஞ்சளாக மின்னியது.

“அது என்னங்க, தங்கமா?” என்றேன்.

அவர் சிரித்தார். “பித்தளை சார். இங்கன எல்லாமே பித்தளையும் மரமுந்தான். இரும்பு உரசுனா பொறி கிளம்பிரும்ல.”

இந்தத் தடவை மின்னல் நிஜமாகவே அடித்தது. பித்தளை! கறுப்புத் திருகாணியில் உரசி மஞ்சள் ஒட்டியது பித்தளைத் திருப்புளி. அது புழங்குவது இங்கே. இங்கிருந்து அந்த வீட்டுக்குத் தினமும் போய்வருவது ஒரே ஒருவர். ஜோபின் பேசியபோது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதும் அவர்தான். தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஞானசுந்தரியின் பக்கம் திரும்பினேன்.

“சுந்தரி, இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீ அதிர்ச்சியடையக் கூடாது. தருண்குமாரின் கார்டைத் திருடியது வேறு யாருமல்ல…”

“இந்த ஆணி எங்க வீட்டு மெஷினோடதாச்சே,” என்றது ஒரு குரல்.

கற்பகவல்லி வந்துவிட்டிருந்தார். கைத்தறிச் சேலை, முந்தானையைச் சுற்றிச் செருகியிருந்தார். தட்டில் கிடந்த திருகாணியை எடுத்துப் பார்த்தார்.

“விடியக்காலையில நாந்தான முடுக்குனேன். நீங்க யாரு? இதை ஏன் கழட்டுனீக?”

என் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு குற்றவாளியைச் சரியாகக் கண்டுபிடித்த நேரத்தில், குற்றவாளி எனக்கு முந்திக்கொண்டார். என் விரல் இன்னும் அந்தரத்தில் நீட்டியபடி இருந்தது. ஞானசுந்தரி அதை மெதுவாகப் பிடித்து இறக்கிவிட்டாள்.

“நாங்க துப்பறியிற ஆபீஸ்ல இருந்து வாறோம். அந்தக் கார்டை நீங்களா எடுத்தீக?” என்றாள்.

“ஆமா. என் வீட்டுல இருந்ததை நான் எடுத்தேன்.” அவர் குரலில் ஒளிவு எதுவும் இல்லை. “நேத்து சாயங்காலம் அந்தக் கண்ணாடியில கை வச்சேன். தோசைக்கல்லு மாதிரி கிடந்துச்சு. ஏலே, ஒண்ணை எடுத்திருன்னேன். ஒனக்கு ஒண்ணும் தெரியாதும்மான்னு கதவைச் சாத்திட்டான். எனக்கா தெரியாது? இங்கன ஒரு ரூமுக்கும் அடுத்த ரூமுக்கும் இடைவெளி விடாமக் கட்டுனா லைசென்ஸ் குடுப்பாகளா? ஒண்ணு சூடேறுனா அடுத்தது தப்பணுமில்ல? அவன் ரெண்டையும் ஒட்ட வச்சுப் பூட்டி, மரத்துக்குள்ள அடைச்சு வச்சிருக்கான்.”

சற்று நிறுத்தினார். கீல் மாட்டிக்கொண்டிருந்தவர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“முந்தி ஒரு சீசன்ல மருந்து ரூம்ல தீப்பிடிச்சது. சின்னத் தீதான். குருவம்மாள்னு ஒரு புள்ள. நாந்தான் கையைப் பிடிச்சு இழுத்தேன். தோல் என் கையோட வந்துருச்சு. இப்பவும் இங்கதான் டப்பா ஒட்டுற வேலை பாக்குறா. என்னை நல்லா இருக்கீகளாக்கான்னு கேக்குறா. அன்னையில இருந்து எதுல கை வச்சாலும் எனக்கு முதல்ல சூடுதான் தெரியுது. அதுவும் எம்புள்ளை அந்த ரூம்ல இருக்கும்போது…”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“கிரில்லைத் தொட்டு மின்சாரத்தை இறக்கிட்டுத்தான் அதைத் தொட்டேன். அந்தத் தம்பி சொன்னபடியே எல்லாம் செஞ்சேன். சாயங்காலம் வந்து அவன்கிட்ட சொல்லிக்கலாம்னு வந்துட்டேன். அதுக்குள்ள துப்பறியிற ஆளா?”

ஞானசுந்தரி தட்டிலிருந்த போனை எடுத்து, கேட்டுக்கு வெளியே அவரை அழைத்துப் போய்க் காட்டினாள். கற்பகவல்லி அதைப் படித்தார். ஜோபினின் படத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறுவதை நான் பார்த்தேன். தீயைப் பற்றிச் சொல்லும்போதுகூட இப்படி மாறவில்லை.

“அந்தத் தம்பியையா? நான் எடுத்ததுக்கு அவரையா?”

லாரியில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. சீசன் நேரம். மேஸ்திரியைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொன்னார். காரில் ஏறினார்.

*

காணாமல்போன கார்டு பீரோவில், ஒரு பட்டுச்சேலையின் மடிப்புக்குள் இருந்தது. ஒரு செங்கல் கனம். நான் நினைத்த விசிட்டிங் கார்டு போல எந்த விதத்திலும் இல்லை.

தருண்குமார் அம்மாவையும் கார்டையும் பார்த்தான். “கேக்காம எப்படிம்மா எடுப்பீங்க?”

“தப்புதான்,” என்றார் கற்பகவல்லி. “கதவைத் தட்டி மறுபடி சொல்லியிருக்கணும். நீ கேக்கலைன்னா திரும்பவும் சொல்லியிருக்கணும். என் தப்புக்கு நீ என்னைத் திட்டு. அந்தத் தம்பி என்னலே செஞ்சாரு?”

அவன் உட்கார்ந்துவிட்டான். போனை எடுத்தான். எதையோ தட்டினான், அழித்தான், மறுபடி தட்டினான்.

“எழுதாத. நேர்ல போ.”

“மேட்ச் இன்னும் கொஞ்ச நேரத்துல இருக்கும்மா. அதுவும் ஒரு கார்டை வச்சு எப்படி ஆடுறதுன்னே தெரியல.”

“காலையில இருந்து ஒருதடவையாவது ஆன் பண்ணிப் பார்த்தீகளா?” என்றாள் ஞானசுந்தரி.

அவன் பார்க்கவில்லை. கார்டு போன துக்கத்தில் பொத்தானைத் தொடவே இல்லை. நானும் மத்தியானம் அதே அறையில் அத்தனை நேரம் துப்பறிந்தேன்; எனக்கும் தோன்றவில்லை. அவள் எட்டி அழுத்தினாள். விளக்குகள் எரிந்தன. ஒன்றுமே நடக்காததுபோல விளையாட்டு ஓடியது.

தருண்குமார் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். அப்புறம் எழுந்து செருப்பை மாட்டினான். மேட்ச் நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே அவன் குனிந்து நுழைந்தான். கற்பகவல்லியும் குனிந்து நுழைந்தார். நான் மறுபடியும் இடித்துக்கொண்டேன்.

“நாந்தான் தம்பி எடுத்தேன்,” என்றார் கற்பகவல்லி முதலில்.

“மன்னிச்சிருங்கண்ணே,” என்றான் தருண்குமார். “விசாரிக்காமப் போட்டுட்டேன்.”

ஜோபின் கடையில் காலியாகிவிட்ட இரண்டு மேஜைகளைப் பார்த்தார்.

“ரெண்டு பேரு மெஷினைத் தூக்கிட்டுப் போயிட்டாக. குரூப்புல போடுங்க. ஆனா அவுக வீட்டுக்கு நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் போயி ‘நான் திருடன் இல்ல’ன்னு சொல்ல மாட்டேன்.”

“போறேன்.”

“இப்பவே.”

“இப்பவேதான்.”

அம்மாவும் மகனும் இரண்டு வீட்டுக்கும் போனார்கள். ரீனா பொட்டலத்தைப் பிரித்தார். ஜோபின் சாப்பிட ஆரம்பித்தார், யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், வேகவேகமாக.

தருண்குமார் வீடு திரும்பியபோது முதல் ஆட்டம் பாதி முடிந்திருந்தது. அவனுடைய டீம் தோற்றது. கடைசி நிமிடம்வரை இயந்திரம் அணையவில்லை. அதனால் தோல்விக்கு இந்தத் தடவை வேறு யாரையும் குறைசொல்ல முடியவில்லை என்று அவனே சொன்னான்.

நாங்கள் விருதுநகருக்குத் திரும்பும் வழியில் டீக்கு நிறுத்தினோம். ஞானசுந்தரி போனைப் பார்த்துவிட்டு அவசரமாக உள்ளே வைத்தாள். அவள் எதையும் மறைக்கிறவள் அல்ல. பிடுங்கிப் பார்த்தேன்.

எல்லா குரூப்பிலும் தருண்குமார் எழுதியிருந்தான். ஜோபின் அண்ணன் குற்றமற்றவர், தவறு முழுக்க என்னுடையது, அவரிடமே கம்ப்யூட்டரைக் கொடுங்கள் என்று தெளிவாக, நேர்மையாக எழுதியிருந்தான். படித்துக்கொண்டே வந்தபோது எனக்கே கண் கலங்கியது. கடைசி வரியில் நன்றி சொல்லியிருந்தான்:

‘உண்மையைக் கண்டுபிடித்த துப்பறிவாளர் ஞானசுந்தரி அக்காவுக்கும், அவருடன் ஸ்கூட்டரில் வந்த பெரியவருக்கும்.’